எந்திரனின் துணை மூளை

காவிரி பாயும் தஞ்சை நாட்டார்க்கு நாற்று நடுதலும் கதிர் அறுத்தலும் புதுமை அல்ல. குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களின் பெயர்களை இங்குள்ள சிறுவரும் அறிவர். ஆயினும், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வியட்நாம் நாட்டுக் குவாங் நின் மாநிலத்தில் நடந்த ஓர் அறுவடையை நம் உழவர் கண்டிருப்பின், வியப்பால் விழி விரித்திருப்பர். அங்கே சேறு இல்லை, வரப்பு இல்லை, வாய்க்காலும் இல்லை. அரங்கினுள் அமைத்த பலகைத் தளமே வயல். குழாய்த் துண்டுகளே நாற்று. வண்ணப் பந்துகளே நெல். நாற்றை நட்டவையும், நெல்லை எடுத்தவையும், அதனைக் களஞ்சியத்தில் சேர்த்தவையும் கல்லூரி மாணவர் தம் கைகளால் செய்த எந்திரன்கள். ரோபோ என்று உலகோர் வழங்குவதையே ஈண்டு எந்திரன் என்கிறோம்.

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் ஆண்டுதோறும் நடத்தும் ரோபோகான் என்னும் போட்டியே அது. முதற்போட்டி 2002-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடந்தது. நம் நாட்டில் தூர்தர்ஷன் இதனை முன்னின்று வளர்த்தது. 2008-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் புனே நகரமே பன்னாட்டுப் போட்டிக்கு இடமாயிற்று. போட்டியை ஏற்று நடத்தும் நாடு தன் மண்ணின் வாழ்விலிருந்து ஒரு பொருளை எடுத்து ஆட்டமாக்கித் தருவது வழக்கம். வியட்நாம் மக்கள் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களை நினைந்து, தம் ஆட்டத்திற்கு 'அறுவடை நாள்' என்று பெயரிட்டனர்.

ஒவ்வோர் அணிக்கும் எந்திரன்கள் இரண்டு. நேரம் மூன்று நிமிடம். முதல் எந்திரனை மாணவர் ஒருவர் நின்று இயக்கலாம். இரண்டாம் எந்திரனோ எவர் கையும் படாமல் தானே இயங்க வேண்டும். களத்தின் ஒரு கோடியில் ஐந்து குதிர்கள் நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று பந்துகளைக் கொள்ளும். ஒரு குதிரில் மூன்று பந்தும் நிறைந்து, அவற்றுள் இரண்டேனும் தம் அணியின் நெல்லாக இருந்து, மேலே உள்ள பந்தும் தம்முடையதாயின் அக்குதிர் அவ்வணியினுடையது. இவ்வாறு மூன்று குதிர்களை வென்ற கணமே ஆட்டம் முடிந்துவிடும். ஓரணியின் நெல் சிவப்பு, மற்றதன் நெல் நீலம், பதர் ஊதா. நெல்லையும் பதரையும் பிரித்தறிவது நம் வீட்டு மூதாட்டியர்க்கு முறத்தின் ஒரு வீச்சில் முடிந்த வேலை. எந்திரனுக்கு அஃது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

எந்திரனின் கண் ஒரு கேமரா. அது காணும் காட்சி சிறுசிறு புள்ளிகளாகவே அதன் உள்ளே செல்லும். குறுக்கே 640, நெடுக்கே 480 எனப் புள்ளிகள் அமைந்த எளிய படம் ஒன்றில் 3,07,200 புள்ளிகள் இருக்கும். நொடிக்கு முப்பது படங்கள் எனின் தொண்ணூற்றிரண்டு இலட்சத்துக்கும் மேலான புள்ளிகளை ஒவ்வொரு நொடியும் ஆராய வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பா, நீலமா, ஊதாவா என்று பார்த்து, ஒரே நிறமுடையவற்றைச் சேர்த்து, அச்சேர்க்கை வட்டமா என்று தேர்ந்து, வட்டமாயின் எத்துணைத் தொலைவில் உள்ளது என்றும் கணக்கிட்டு முடிப்பதற்குள் பந்து உருண்டு ஓடிவிடவும் கூடும்.

எந்திரனை நடத்தும் தலைமைக் கருவிக்கு வேறு பணிகளும் உண்டு. சக்கரங்கள் எத்தனை சுற்றுச் சுற்றின, கை எவ்வளவு உயர்ந்தது, அடுத்த கணம் எந்த மோட்டாருக்கு எவ்வளவு விசை வேண்டும் என்பவற்றை அது நொடிக்குப் பலமுறை தவறாமல் பார்த்தாக வேண்டும். படம் பார்க்கும் பெருஞ்சுமையையும் அதன் தலையிலேயே ஏற்றினால், அதன் தாளம் தப்பும். தாளம் தப்பிய எந்திரன் சுவரில் மோதும். ஆதலின் காட்சியை ஆராய்வதற்கென்றே வேறொரு சிறு கணினியை மாணவர் எந்திரனில் பொருத்துகின்றனர். அதுவே துணைக் கட்டுப்படுத்தி. தலைமைக் கருவியைத் தலைமைக் கட்டுப்படுத்தி என்போம்.

துணைக் கட்டுப்படுத்தி என்றவுடன் பெரும்பொருட் செலவு என்று அஞ்ச வேண்டா. 2005-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் மாணவர்க்கென்றே தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு பலகையும், 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினியும் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. முன்னது துடிப்புகளை எண்ணவும் விளக்குகளை ஏற்றவும் வல்லது. பின்னது படம் பார்க்கவும் வல்லது. நடுவணரசின் அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ்ப் பள்ளிகளில் அமைந்துள்ள அடல் ஆய்வுக்கூடங்களில் பயிலும் மாணவர் இத்தகைய பலகைகளை முன்பே கண்டிருப்பர்.

இனி விதிக்கு வருவோம். துணைக் கருவி வேண்டும் என்பது தெளிவு. அதனைப் போட்டியின் விதி ஒப்புமா என்பதே வினா. இவ்வகையில் எல்லாப் போட்டிகளும் ஒரே வழியில் செல்வதில்லை. ரோபோகான் போட்டியில், எந்தக் கட்டுப்படுத்தியைக் கொள்வது என்பதை அணியே தேர்ந்துகொள்ளும். ஆயின் தானியங்கு எந்திரனுக்கு வெளியிலிருந்து எவரும் வழிகாட்டல் ஆகாது. எத்தனை மூளைகளாயினும் அவை அனைத்தும் எந்திரனின் உடலிலேயே அமைந்திருத்தல் வேண்டும். எந்திரன் ஒவ்வொன்றிலும் சிவந்த அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

அமெரிக்காவில் தோன்றிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி வேறொரு வழியைக் கொண்டது. டீன் கேமன் என்னும் புத்தாக்கர் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் தன் முதற்போட்டியை நடத்தியது. இது மேனிலைப் பள்ளி மாணவர்க்குரியது. இங்கே எந்திரன்கள் சிறு பொம்மைகள் அல்ல. ஐம்பது கிலோவை ஒட்டிய எடையுடன் ஓட்டக்காரனைப் போல விரைந்து செல்வன. ஆறு எந்திரன்கள் ஒரே களத்தில் ஒன்றையொன்று உரசி ஓடும். களத்தின் விளிம்பிலேயே மாணவர் நிற்பர். ஆகவே இப்போட்டியினர் தலைமைக் கட்டுப்படுத்தி எது என்பதைத் தாமே வரையறுத்துவிட்டனர். 2015-ஆம் ஆண்டுப் போட்டி முதல் 2026-ஆம் ஆண்டுப் போட்டி வரை அந்த இடத்தில் இருந்தது ரோபோரியோ என்னும் கருவி. 2027-ஆம் ஆண்டுக்குச் சிஸ்டம்கோர் என்னும் வேறொரு கருவியை அறிவித்தனர். கீழே கூறுவன ரோபோரியோ வழங்கிய ஆண்டுகளின் விதிநூலைத் தழுவியவை.

அவ்விதிநூல் துணைக் கட்டுப்படுத்தியைத் தடுக்கவில்லை. ஒன்றே வேண்டுமாயினும் வைக்கலாம். நான்கு வேண்டுமாயினும் வைக்கலாம். காணலாம், எண்ணலாம், கணக்கிடலாம், கண்டதைத் தலைமைக்குச் சொல்லலாம். ஆனால் மோட்டாருக்கு விசை தரும் கருவிகளை இயங்கச் செய்வதும் நிறுத்துவதுமாகிய கட்டளை தலைமைக் கட்டுப்படுத்தியிலிருந்தே பிறக்க வேண்டும். துணைக் கருவி மோட்டாரின் இயக்கியோடு நேரே பேசலாகாது.

இதற்குக் காரணம் என்ன? படத்தைக் கண்டது துணைக் கருவி. பந்து எங்கே உள்ளது என்பதைத் தலைமையினும் நன்கு அறிந்தது அதுவே. அறிந்ததே ஆணையிட்டால் என்ன குறை? தலைமை வழியாகச் சுற்றிச் செல்வதால் காலம் அன்றோ வீணாகிறது? அறிவுள்ள மாணவர் பலரும் முதலில் இவ்வாறே கேட்பர். இவ்வினாவுக்குக் கல்லணையில் விடை இருக்கிறது.

மேட்டூர் அணை 1934-இல் எழுந்தது. குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறப்பது மரபு. நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப் போவதும் உண்டு. திறந்த நீர் கல்லணையை வந்தடைந்ததும், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பகுக்கப்படுகிறது. வெள்ளம் மிகுந்தால் மிகுதி கொள்ளிடத்தில் விடப்படுகிறது. அதன்பின் ஆறுகள் கிளைத்து, கிளைகள் வாய்க்கால்களாகி, ஆயிரக்கணக்கான மதகுகள் வழியே நீர் வயலைச் சேர்கிறது. பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை உழவர், தம் பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதைக் கல்லணையில் நிற்கும் பொறியாளரைக் காட்டிலும் நன்கு அறிவார். பயிரின் நிறத்தைக் கண்டே சொல்லிவிடுவார். ஆயினும் தலைமதகின் திருகை அவர் கையில் கொடுப்பதில்லை. அவர் சொல்லும் செய்தி மேலே செல்கிறது. மேலிருந்து ஆணை வருகிறது. ஆணைப்படி லஸ்கர் கதவை உயர்த்துகிறார் அல்லது தாழ்த்துகிறார்.

ஒவ்வோர் ஊராரும் தத்தம் தேவையை அறிந்தவரே; தத்தம் கதவைத் தாமே திருகிக்கொண்டால் என்னாகும்? மேல்மடை நிறையும், கடைமடை காயும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நள்ளிரவில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கதவுகளையும் அடைத்து நீரைக் கொள்ளிடத்தில் திருப்புக என்று ஆணை பிறக்கிறது. வேறொருவர் கையில் உள்ள கதவு ஒன்று மட்டும் அவ்வாணையைக் கேளாமல் திறந்தே நிற்குமாயின், கரை உடைவது அங்கேதான். நிறுத்து என்னும் ஒரு சொல் எல்லாக் கதவுகளையும் சென்று சேர வேண்டுமாயின், திற என்னும் சொல்லும் அதே வழியில்தான் சென்றிருத்தல் வேண்டும்.

எந்திரனிலும் இதுவே நிகழ்கிறது. களத்தின் ஓரத்தில் எந்திரனை இயக்கும் மாணவர்முன் நிறுத்தப் பொத்தான் ஒன்று இருக்கும். அதனை அழுத்தினால், அல்லது ஆட்ட நேரம் முடிந்தால், செய்தி தலைமைக் கட்டுப்படுத்திக்குச் செல்லும். அது மோட்டார்கள் அனைத்தையும் ஓயச் செய்யும். துணைக் கருவி ஒன்று தனிக் கம்பி இழுத்துக் கைமோட்டாரை இயக்கிக்கொண்டிருந்தால், சக்கரங்கள் நின்ற பின்னும் கை சுழன்றுகொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்ததென்று எண்ணி எந்திரனை எடுக்க வரும் மாணவரின் முகத்துக்கு நேரே அது சுழலக்கூடும்.

இந்த நிறுத்தம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதும் அறியத்தக்கது. தலைமையும் மோட்டார் இயக்கிகளும் கேன் என்னும் இரட்டைக் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். மோட்டார் வண்டிகளின் உறுப்புகள் தம்முள் பேசிக்கொள்வதற்காகப் பாஷ் என்னும் செருமானிய நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறை அது. அக்கம்பியில் தலைமைக் கட்டுப்படுத்தி ஆயிரத்தில் இருபது நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஐம்பது முறை, ஒரு குறிப்பை விடுத்துக்கொண்டே இருக்கும். இதனை இதயத் துடிப்பு என்பர். 'நான் இருக்கிறேன், இயங்கலாம்' என்பது அதன் பொருள். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அத்துடிப்புக் கேளாவிடின், கம்பியில் உள்ள கருவிகள் எந்திரன் நிறுத்தப்பட்டதாகவே கொண்டு ஓய்ந்துவிட வேண்டும். நிறுத்து என்று கூவவும் வேண்டியதில்லை. இயங்கு என்னும் சொல் நின்றாலே போதும். கம்பி அறுந்தாலும், தலைமையே பழுதுற்றாலும் எந்திரன் அடங்கும். மிக நுட்பமான ஏற்பாடு இது. தனக்கென வேறு கம்பியை இழுத்துக்கொண்ட துணைக் கருவிக்கு மட்டும் இத்துடிப்பு ஒரு பொருட்டன்று.

தமிழாசிரியனாகிய எனக்கு இங்கே இலக்கணம் நினைவுக்கு வருவது இயல்பே. 'நாற்றைப் பறித்து, முடிந்து, சுமந்து, சேற்றில் நட்டாள்' என்னும் தொடரைப் பாருங்கள். பறித்து, முடிந்து, சுமந்து என்பன வினையெச்சங்கள். எத்தனை எச்சங்கள் வரினும் தொடர் முடிவதில்லை. நட்டாள் என்னும் முற்று வந்தே தொடரை முடிக்கிறது. செய்தவள் யார், செய்த காலம் எது என்பனவும் அதனாலேயே விளங்குகின்றன. துணைக் கட்டுப்படுத்தி எச்சம் போன்றது, தலைமையே முற்று. எச்சம் இழிந்தது என்று இலக்கணம் கூறவில்லை. எச்சங்கள் இல்லையேல் அத்தொடரில் வேலையே நடந்திராது.

விதி இவ்வளவு தெளிவாக இருப்பினும், மாணவர் தடுமாறும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை விரித்துக் கூறுவேன். அணி ஒன்று தன் கேமராவை ஒரே திசையில் பொருத்தாமல், கழுத்தைத் திருப்புவது போல் இடமும் வலமும் திரும்பும்படி அமைக்க விரும்புகிறது. அதற்குச் சர்வோ என்னும் சின்னஞ்சிறு மோட்டார் போதும். விரல்நுனியால் நிறுத்திவிடலாம், எவருக்கும் ஊறு விளையாது. துணைக் கட்டுப்படுத்தியிலேயே அதற்குரிய முனை இருக்கிறது. கம்பியை அங்கே செருகினால் வேலை முடிந்தது. செருகலாமா? ஆகாது. அதுவும் மோட்டாரே. அதன் கட்டளையும் தலைமையிடமிருந்தே வரவேண்டும். துணைக் கருவி 'பந்து இடப்புறம் போகிறது' என்று தலைமைக்குச் சொல்லும். தலைமை சர்வோவை இடப்புறம் திருப்பும்.

அங்ஙனமாயின், துணைக் கணினியைக் குளிர்விக்க அதனுள் சுழலும் விசிறியும் மோட்டாரால்தானே ஓடுகிறது? ஒளிக்கதிரை வீசித் தொலைவை அளக்கும் லைடார் என்னும் கருவியின் தலையும் மோட்டாரால்தானே சுழல்கிறது? அவையும் குற்றமா? அல்ல. கடையில் விற்கும் கணினியிலோ உணர்கருவியிலோ செய்யும்போதே அமைந்த மோட்டார்கள், மாற்றப்படாதிருக்கும் வரையில், விதிவிலக்குப் பெற்றன. மாணவர் தாமே சேர்த்த சர்வோவுக்கு அவ்விலக்கு இல்லை. வேறுபாடு மோட்டாரின் பருமையில் இல்லை. ஒன்றன் வேலை கருவியின் உள்ளேயே முடிந்துவிடுகிறது. மற்றதோ எந்திரனின் உறுப்பை அசைக்கிறது. சில ஆய்வாளர் இதனை விளக்காமல் 'கூடாது' என்று மட்டும் சொல்லிச் சென்றுவிடுவர். மாணவரும் விதியை மயிர்பிளக்கும் வாதம் என்று எள்ளுவர். காரணம் கேட்டறிந்தவர் எள்ளமாட்டார்.

விளக்குகளுக்கு இத்தடை இல்லை. எந்திரனின் மேனியில் வண்ண விளக்குச் சரங்களைக் கட்டி, ஆர்டுயினோ ஒன்றால் அவற்றை மின்னச் செய்யலாம். பந்தைக் கண்டால் பச்சை, காணாவிடின் சிவப்பு என்று இயக்குபவருக்குக் குறிப்புக் காட்டுவது பயனுள்ள ஏற்பாடு. விளக்கு ஒருவரையும் இடிப்பதில்லை.

அடுத்து, துணைக் கருவிக்கு உணவாகிய மின்சாரம். எந்திரனின் மின்கலம் 12 வோல்ட். ராஸ்பெரி பை வேண்டுவது 5 வோல்ட். ஆகவே இடையே ஒரு மின்னழுத்தச் சீராக்கி தேவை. இங்கேதான் பல அணிகள் இடர்ப்படுகின்றன. நிற்கும் எந்திரன் ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார்கள் பெருமின்சாரத்தை உறிஞ்சும். ஒரே நேரத்தில் ஊரிலுள்ள இறைவைகளையெல்லாம் போட்டால் வீட்டு விளக்கு மங்குவது போல, மின்கலத்தின் அழுத்தம் தாழும். முதல் ரோபோரியோ, அழுத்தம் 6.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டார்களைத் தானே நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்புடையது. துணைக் கணினிக்கு அத்தகைய காப்பு இல்லை. நல்ல சீராக்கி இல்லையேல் அது பட்டென்று அணையும். மீண்டும் விழித்தெழ அரை நிமிடமேனும் ஆகலாம். எழுதிக்கொண்டிருந்த நினைவட்டை பழுதாகி, எழாமலே கிடப்பதும் உண்டு. சிறிய ஆட்டத்தில் அரை நிமிடம் சிறு பொழுதன்று.

இதற்கு மாற்றாக, கைப்பேசிகளுக்கு மின்னேற்றும் யுஎஸ்பி மின்கலப் பெட்டியைத் துணைக் கணினிக்கெனத் தனியே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தந்தது. ஆற்றல் 100 வாட்-மணிக்கு மிகாதிருத்தல் வேண்டும். கடையில் வாங்கியதாக இருத்தல் வேண்டும். கணினிக்கும் அதனைச் சார்ந்த கேமரா போன்றவற்றுக்கும் அல்லாமல் வேறெதற்கும் மின்சாரம் தரலாகாது. மோட்டாருக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்தால், தலைமைத் துண்டிப்பியை அழுத்தினாலும் அம்மோட்டார் நில்லாது அன்றோ? முன்பு சொன்ன காரணமே இங்கும் வந்து நிற்கிறது.

ராஸ்பெரி பை போன்ற கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் உடன்பிறந்தே வருகின்றன. போட்டிக் களத்தில் அவற்றை அணைத்துவைக்க வேண்டும். எந்திரனோடு கம்பியின்றிப் பேசுவதற்குப் போட்டியினர் ஏற்ற வானொலிக் கருவி ஒன்றே வழி. பலர் மறப்பது இதனைத்தான். பள்ளியில் நிரலைத் திருத்தும்போது வைஃபை வசதியாக இருந்திருக்கும், அணைக்க நினைவிராது. நினைவின்றி விட்டதாயினும் விதிமீறல் விதிமீறலே. நடுவர், எந்திரன் ஒளித்து வைத்த வாயால் வெளியாரோடு பேசவில்லை என்பதை வேறு எவ்வாறு நம்புவார்?

இவ்வளவும் செய்து முடித்த பின்னும், துணையின் சொல்லைத் தலைமை எவ்வாறு ஏற்பது என்னும் வினா எஞ்சுகிறது. இதனை எந்த விதிநூலும் கற்பிக்காது. மாணவரே ஆராய்ந்து தெளிய வேண்டும். 2023-ஆம் ஆண்டு முதல் ஃபர்ஸ்ட் போட்டிக் களங்களில் ஏப்ரல்டேக் என்னும் கறுப்பு வெள்ளைக் கட்ட அடையாளங்களை ஆங்காங்கே ஒட்டினர். துணைக் கணினி அவ்வடையாளம் ஒன்றைக் கண்டால், களத்தில் எந்திரன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஆயின் படம் எடுத்து, ஆராய்ந்து, செய்தி அனுப்பி முடிக்கப் பத்தில் ஒரு பங்கு நொடி ஆயிற்று என்று கொள்வோம். நொடிக்கு மூன்று மீட்டர் விரைவில் ஓடும் எந்திரன் அதற்குள் முப்பது சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே துணை சொல்வது பொய்யன்று, பழைய செய்தி. கல்லணைக்குக் கடைமடையிலிருந்து வரும் கடிதமும் இத்தகையதே; எழுதிய நாளில் காய்ந்த வயல், கடிதம் சேரும் நாளில் மழையால் நிறைந்திருக்கலாம். அதனால்தான் நல்ல அணிகள் ஒவ்வொரு செய்தியிலும் படம் எடுத்த நேரத்தைப் பொறித்து அனுப்பச் செய்கின்றன. தலைமை அந்நேரத்தில் எந்திரன் எங்கிருந்தது என்பதைத் தன் சக்கரக் கணக்கில் தேடி, அதன்பின் ஓடிய தொலைவைக் கூட்டிக்கொள்கிறது. நேரம் பொறிக்காத செய்தியையும், மிகப் பழைய செய்தியையும் தள்ளிவிடுகிறது.

துணை அறவே வாய் மூடினால்? கேமராவின் கம்பி மோதலில் கழன்றுவிட்டால்? அப்போதும் எந்திரன் சக்கரக் கணக்கைக் கொண்டே தட்டுத் தடுமாறியாவது ஆடவேண்டும். துணையின் செய்திக்காகக் காத்து நிற்கும்படி தலைமையின் நிரலை எழுதிவிட்டால், கண் போன கணமே காலும் போயிற்று. இங்ஙனம் நடுக்களத்தில் கல்லாய் நின்ற எந்திரன்கள் பல. துணையை வாங்கிப் பொருத்துவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் துணையின்றி ஓட்டிப் பார்ப்பதில் அணிகள் காட்டலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் கருவி என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்னும் போட்டி, 12 முதல் 18 வயது வரை உள்ளவர்க்கானது; இந்தியாவிலும் நடைபெறுகிறது. அதில் கண்ட்ரோல் ஹப் என்பது தலைமை. அதற்கு நான்கு மோட்டார்களை இயக்கும் முனைகளே உண்டு. மேலும் நான்கு வேண்டுமாயின் எக்ஸ்பான்ஷன் ஹப் என்னும் இரண்டாம் பெட்டியைக் கம்பியால் இணைத்துக்கொள்ளலாம். இஃது எண்ணத் தெரியாத துணை. தனக்கென நிரல் இல்லை. தலைமை சொன்னதைத் தன் முனைகளில் செய்வதே இதன் வேலை. முன்னே கண்ட துணை கண் என்றால், இது இன்னொரு கை. மோட்டாரை இதில் நேரே இணைப்பது குற்றமாகாததன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.

போட்டி நாளன்று காலையில் ஆய்வாளர் எந்திரனின் அருகே வருவார். அவர் செய்யும் சோதனை எளிது. மோட்டார் இயக்கி ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் குறிப்புக் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே சென்று, அது எங்கே முடிகிறது என்று பார்ப்பார். தலைமையில் முடிந்தால் தலையசைப்பார். துணைக் கணினியில் முடிந்தால் கம்பியைக் கழற்றச் சொல்வார். பின்னர் எந்திரனின் மேலுள்ள செம்மஞ்சள் விளக்கை நோக்குவார். தலைமைக் கட்டுப்படுத்தியோடு இணைந்த அவ்விளக்கு, எந்திரன் அடங்கியிருக்கும்போது நிலையாக எரியும். இயங்க ஆணை பெற்றிருக்கும்போது விட்டுவிட்டு மின்னும். மாணவர் எந்திரனை ஓட்டிக் காட்டுவார், விளக்கு மின்னும். நிறுத்துக என்பார் ஆய்வாளர். விளக்கு நிலைத்து எரியும். அப்போது அவர் விளக்கைப் பார்க்கமாட்டார். சக்கரம், கை, கேமராவின் கழுத்து என ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்பார். துணைக் கணினியின் சிறு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். மற்றவை எல்லாம் ஓய்ந்திருந்தால், கையிலுள்ள தாளில் குறியிட்டுவிட்டு அடுத்த அணியிடம் செல்வார்.